ஜாகா மேய்த்த நூற்றுப் பத்தொன்பதாம் சங்கீதம்

கெடா மாநிலத்திலேயே பெரிய மடையன் யார் என்று ஒரு போட்டி வைத்தால், ஜித்ராவிலிருந்து கூலிம் வரை ஆள் திரட்டினாலும் முதல் பரிசு எங்கள் ஜாகாவுக்குத்தான். இரண்டாம் பரிசைக் கொடுக்கவே முடியாது, அவ்வளவு இடைவெளி. இதை நான் தைரியமாகச் சொல்லலாம். ஏனென்றால் கிட்டத்தட்ட அப்படி ஒரு போட்டி நடந்தது, நடுவர்களில் நானும் ஒருவன். முடிவில் பரிசை வேறொருவன் தட்டிக்கொண்டு போனான். அந்த வேறொருவன் யார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஜாகா என்றால் எங்கள் ஊரில் காவலாளி. புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் கேட்டில் பத்தொன்பது வருஷமாக நின்றதில் வேலையே பெயராக ஒட்டிக்கொண்டது. மனைவி எலிசா அக்காவுக்குக் கோபம் வந்தால்கூட, “இந்த ஜாகாவக் கட்டிக்கிட்டு” என்றுதான் ஆரம்பிப்பார். ஆள் குட்டை, தொப்பி பெரிது, வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவர். எண்கள் தெரியும். எழுத்து என்பது, தமிழோ மலாயோ, அவருக்குச் சுவரில் ஊரும் எறும்பு வரிசை.

அதற்குப் பதிலாகக் கடவுள் அவருக்கு ஒரு மண்டையைக் கொடுத்திருந்தார். கேட்டுக்குள் வருகிற முந்நூறு லாரிகளின் நம்பரும் அதில் இருந்தது. ஒருமுறை தொழிற்சாலை முதலாளியே புதுக் காரில் வந்தார். ஜாகாவின் மண்டையில் இருந்தது பழைய காரின் நம்பர். கம்பத்தைத் தூக்க மறுத்துவிட்டார். முதலாளி கண்ணாடியை இறக்கி முகத்தைக் காட்டினார். முகம் சரிதான், நம்பர் சரியில்லை என்றார் ஜாகா. முதலாளி வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பழைய காரை எடுத்துக்கொண்டு வந்த பிறகுதான் கம்பம் உயர்ந்தது. அன்றைக்கே வேலை போயிருக்க வேண்டும். வருஷக் கடைசியில் சிறந்த ஊழியர் என்று ஒரு ரைஸ் குக்கர் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட மடையன்.

எங்கள் ஊரில் பெரும்பாலும் மாரியம்மன் கோயில் குடும்பங்கள்தான். நடுவில் நாற்பது வீடு கிறிஸ்தவர்கள், எஸ்டேட் காலத்துத் தகரக்கூரைத் தேவாலயம் ஒன்று. ஞாயிறுதோறும் ஒரு வீட்டிலிருந்து ஒருவர் மேடையேறி அன்றைய சங்கீதத்தை வாசிக்க வேண்டும். யாருக்கு எந்த வாரம் என்று ஒரு பட்டியல் அறிவிப்புப் பலகையில் தொங்கும். அதை முத்துமுத்தான கையெழுத்தில் எழுதுகிறவர் சபைச் செயலாளர் எச்.எம். ஐயா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஜாகாவுக்கு இரண்டாம் வகுப்பில் பாடம் எடுத்தவரும் அவரே, ‘மக்கு’ என்று முதன்முதலில் பட்டம் கொடுத்தவரும் அவரே. இந்த விஷயத்தை ஜாகா பெருமையாகத்தான் சொல்வார். அவர் படித்துப் பெற்ற ஒரே பட்டம் அல்லவா.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லாரும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஜாகா பலகை முன்னால் நின்று, பட்டியலில் தன் பெயர் எங்கே என்று எச்.எம். ஐயாவிடம் கேட்டார்.

“இது வாசிக்கிறவங்க பட்டியல்ப்பா,” என்றார் ஐயா.

“பாக்காம சொன்னா பத்தாதுங்களா?”

ஐயாவுக்கு அன்றைக்கு நல்ல மூடு. சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, “அப்ப நூத்திப் பத்தொன்பதாம் சங்கீதத்தத் தப்பில்லாம சொல்லு. அடுத்த நிமிஷம் உன் பேரப் போடுறேன்,” என்றார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நூற்றுப் பத்தொன்பது என்பது பைபிளிலேயே நீளமான அதிகாரம். நூற்று எழுபத்தாறு வசனம். அறிவு எங்கே கிடைக்கும், அறிவில்லாதவன் எப்படி அறிவாளியாவான், இதையே திருப்பித் திருப்பிச் சொல்லும். பாஸ்டரே அதைப் பார்க்காமல் சொல்ல மாட்டார். ஆகவே எல்லாரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது நான். அலோர் ஸ்டாரில் நடக்கும் வாலிபர் மனப்பாடப் போட்டியில் மூன்று வருஷம் தொடர்ந்து கோப்பை வாங்கியவன், பள்ளி முடித்துக் கல்லூரி இடத்துக்குக் காத்திருந்தவன், சிரிக்காமல் என்ன செய்வேன்?

ஜாகா சிரிக்கவில்லை. சரிங்கய்யா என்று சொல்லிவிட்டு நேராக என்னிடம் வந்து, அந்தச் சங்கீதத்தை போனில் காட்டச் சொன்னார். காட்டினேன். கட்டைவிரலால் திரையைத் தள்ளினார். தள்ளினார். தள்ளிக்கொண்டே இருந்தார்.

“இன்னும் இருக்கா தம்பி?”

“இருக்கு.”

“இன்னுமா?”

“அண்ணே, இப்பதான் பாதி.”

போனைத் திருப்பிக் கொடுத்தார். பேசாமல் விட்டுவிடுங்களேன், அந்தப் பட்டியலில் பெயர் வந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டேன்.

“கேட்ல ஒரு லிஸ்ட் இருக்கு லா. அதுல பேரு இல்லாதவன நானே உள்ள விடமாட்டேன். இங்க நான் உள்ள இருக்கேனா வெளிய இருக்கேனா, எனக்குத் தெரியணும்ல.”

நான் போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லி நழுவினேன்.

அறுப்பின் பண்டிகை வரைக்கும் என்று ஜாகா தனக்குத் தானே கெடு வைத்துக்கொண்டார். எட்டு மாதம். முதலில் ஒலிப் பைபிளை போனில் இறக்கி, காதில் மாட்டிக்கொண்டு கேட்டில் நின்றார். வசனத்தை வாயால் சொல்லிக்கொண்டே லாரியை நிறுத்துவார். எட்டு வசனம் முடிந்தால்தான் கம்பம் உயரும். மூன்றாம் நாள் லாரிகள் பெரிய ரோடு வரைக்கும் நின்றன. வங்காளதேசத்து டிரைவர் ஒருவர், ஏதோ புது அரசாங்க விதி போலிருக்கிறது என்று கையைக் கட்டிக்கொண்டு பயபக்தியோடு கேட்டாராம். தொழிற்சாலையிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஜாகா அதையும் என்னிடம்தான் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார். இன்னொருமுறை நடந்தால் வேலை போய்விடும் என்று வாசித்தேன். சரி, வேறு வழி பார்க்கலாம் என்று கடிதத்தை நான்காக மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

வேறு வழியைக் காட்டியது என் அதிகப்பிரசங்கித்தனம்தான். இந்தச் சங்கீதத்தில் எட்டெட்டு வசனத்துக்கு முன்னால் ஆலெப், பேத், கிமெல் என்று ஒலிப் பைபிளில் அந்த ஆள் ஏதோ சொல்கிறானே, என்ன அது என்று கேட்டார். அது எபிரேய எழுத்து, மொத்தம் இருபத்திரண்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் எட்டு வசனம், எழுதினவன் மனப்பாடம் பண்ண வசதியாகப் பிரித்துவைத்திருக்கிறான் என்று விளக்கம் கொடுத்தேன்.

ஜாகாவின் முகம் வாடிவிட்டது. “இருபத்திரண்டா? எங்கிட்ட பதினாலுதான் இருக்கு.”

“என்னது பதினாலு?”

“ஆடு.”

அடுத்த வாரமே பதினான்கு ஆடுகளுக்கும் ஞானஸ்நானம் நடந்துவிட்டது. செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்து ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த சாதாரணக் கெடா மாநிலத்து ஆடுகள், ஒரே நாளில் எபிரேயர் ஆகிவிட்டன. பெயரைக் கண்டபடி வைக்கவில்லை. ஒவ்வொரு பகுதியையும் கேட்டு, அதற்குப் பொருத்தமான ஆட்டைத் தேடி வைத்தார். கிமெல் பகுதியில் ‘பூமியில் நான் பரதேசி’ என்று ஒருவன் புலம்புவான், ஆகவே ஜித்ராவிலிருந்து வந்த ஆடு கிமெல். டாலெத்தில் உயிர் மண்ணோடு ஒட்டிக்கிடக்கும், ஆகவே எப்போதும் புழுதியில் படுத்திருக்கிற சோம்பேறி டாலெத். கப் பகுதியில் புகையில் மாட்டிய தோல்பை வரும், ஆகவே கொசுவுக்குப் போட்ட புகையைத் தேடிவந்து நிற்கிற கிழட்டு ஆடு கப். நூன் பகுதியில் காலுக்கு விளக்கு வரும். அதற்குத் தோதான ஆடு கிடைக்காததால், ஒன்றின் கழுத்தில் சைக்கிள் விளக்கைக் கட்டிவிட்டார். மேம் பகுதியில் தேனைவிட இனிப்பு வரும். சிராப் என்கிற ரோஸ் சர்பத்தைக் குடிக்கிற பெட்டை ஒன்று இருந்தது, அது மேம். அந்தப் பெயரை வைத்ததில் ஒரு வசதி, அதைக் கூப்பிட வேண்டியதில்லை, தானாகவே நாள் முழுக்கத் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

மீதி எட்டு எழுத்துக்கு ஆடு பிறக்க வேண்டும். சினையாடுகள் குட்டி போடப் போடத்தான் சங்கீதம் நகர்ந்தது. இடையில் ஒருநாள் பாடம் எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டேன். த்சாதே வரைக்கும் முடிந்தது, கோப் இன்னும் வயிற்றில் இருக்கிறது என்றார்.

மாலை நான்கு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் ஆடுகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு போவார். முன்னால் போகிற ஆட்டின் முகத்தைப் பார்த்தால் வசனம் வரும். முடிந்ததும் அதைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்ப்பார். ரேஷ் மேல் ஒருநாள் மோட்டார் சைக்கிள் மோதி அது நொண்ட ஆரம்பித்தது. அன்றிலிருந்து அந்தப் பகுதியில் ஜாகாவின் வசனமும் நொண்டியது. இரண்டு சொல், ஒரு நிறுத்தம், இரண்டு சொல், ஒரு நிறுத்தம். அந்தப் பகுதியே ‘என் கஷ்டத்தைப் பார்’ என்றுதான் தொடங்கும் என்பதால் நான் திருத்தவில்லை.

ஊரும் சேர்ந்து படித்தது. பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா கரகம் எடுக்கிறவர், தேவாலயத்துப் படியைக்கூட மிதித்ததில்லை. ஊர் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய குரல் வரும்: “ஜாகா அண்ணே, ஒங்க யோட் எங்க வீட்டுக் கறிவேப்பிலய மொட்டயடிச்சிட்டு நிக்கிது. வந்து ஓட்டிட்டுப் போங்க.” எதிர்வீட்டு மலாய்க்காரப் பெரியவர், லாமேட் தன் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டதாக மலாயில் புகார் செய்வார். ஆக, எபிரேய அரிச்சுவடியைப் பாதியாவது சொல்லத் தெரிந்த மலாய்க்காரர்கள் உலகத்தில் எங்கே இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால், எங்கள் தாமான் குடியிருப்புக்கு வரலாம்.

தீபாவளி நெருங்கும்போது ஆட்டு வியாபாரி ஒருவர் வந்து கொழுத்த ஆயினைக் கேட்டார். ஜாகா முடியாது என்றார். ஏன் என்றதற்கு, அதைக் கொடுத்தால் எட்டு வசனம் போய்விடும் என்றார். வியாபாரி எலிசா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, ஜோகூரில் ஒரு நல்ல மனநல டாக்டர் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எச்.எம். ஐயாவுக்கு விஷயம் எட்டியது. நேராக ஆட்டுக்கொட்டகைக்கே வந்துவிட்டார், கையில் குடையோடு. நானும் அங்கேதான் இருந்தேன். வேத வார்த்தையை ஆட்டுக்கு மாட்டி அசிங்கப்படுத்துகிறாய், விளையாட்டுக்குச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய், இதோடு விட்டுவிடு என்றார். தாவீது ராஜாவும் ஆடு மேய்த்தவர்தானே என்று ஜாகா கேட்டார். ஐயா குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“சரி. நீயே கேட்டுக்கிட்டது. அறுப்பின் பண்டிகை அன்னைக்குச் சபை முன்னால சொல்லணும். நானும் இந்தப் பயலும் புத்தகத்த வெச்சுப் பாப்போம். எடுத்துக் குடுக்க மாட்டோம். முடிக்காம மேடைய விட்டு எறங்கினா அவ்வளவுதான். அதுக்கப்புறம் பட்டியல்னு வாயத் தொறக்கக் கூடாது.”

“சரிங்கய்யா,” என்றார் ஜாகா. அவருக்கு வேறு பதிலே தெரியாது.

அப்போது கொட்டகையில் ஐயாவின் செருப்பு வாரைக் கடித்துக்கொண்டிருந்ததுதான் கடைசிக் குட்டி. கறுப்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. ஓர் இடத்தில் நிற்காது. அதன் பெயர் தௌ. கடைசி எழுத்து, கடைசி எட்டு வசனம்.

அறுப்பின் பண்டிகை என்றால், அவரவர் வீட்டில் விளைந்ததையும் வளர்த்ததையும் தேவாலயத்துக்குக் கொண்டுவந்து காணிக்கையாக வைத்து ஏலம் விடுவது. எங்களில் யாருக்கும் வயல் கிடையாது. பூசணி, வாழைக்குலை, கோழி என்று ஏதாவது வரும். பாசார் சந்தையில் வாங்கிய ஆப்பிளின் ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டுக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. நோய்த்தொற்றுக் காலத்தில் எல்லாரும் வீட்டில் அடைந்துகிடந்தபோது, இந்த ஏலத்தை வாட்ஸ்அப்பில் நடத்தலாம் என்று யோசனை சொன்னது நான். அந்த ஏலக் குழுவின் அட்மினும் நான்தான். டவுனில் கடை வைத்திருப்பவர்கள்கூட அதில் இருந்தார்கள். படம் போடுவேன், கேட்பார்கள், ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டு போவார்கள். பத்தே நிமிஷ வேலை. இதற்காகப் பாஸ்டர் என்னைப் பிரசங்கத்திலேயே புகழ்ந்திருக்கிறார்.

அன்று காலை ஜாகா, செம்பனைக்குலை ஏற்றுகிற லாரியில் ஆடுகளோடு வந்து இறங்கினார். தொழிற்சாலைச் சீருடை, இஸ்திரி போட்டது. தேவாலயத்தின் இரண்டு பக்கமும் சன்னல்கள் தாழ்வாக இருக்கும். இடப்பக்க வேலியில் ஆலெப்பிலிருந்து கப் வரை பதினொன்று, வலப்பக்க வேலியில் லாமேடிலிருந்து தௌ வரை பதினொன்று என்று கட்டினார். மேடையில் நின்றால் ஒவ்வொரு முகமும் தெரிய வேண்டும். தௌ கடைசியில், காணிக்கைப் பொருள் வைத்திருந்த கூடாரத்துக்குப் பக்கத்தில்.

நான் அவசர அவசரமாகக் கூடாரத்தைச் சுற்றி வந்து படம் எடுத்துக் குழுவில் போட்டேன். பூசணி மூன்று, வாழைக்குலை ஐந்து, நாட்டுக்கோழி இரண்டு, ஆட்டுக்குட்டி ஒன்று, தேங்காய் ஒரு சாக்கு. போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, பைபிளை எடுத்துக்கொண்டு எச்.எம். ஐயா பக்கத்தில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

ஆராதனை முடிகிற நேரம். ஆசீர்வாதம் மட்டும் பாக்கி. ஜாகா தொப்பியைக் கழற்றி எலிசா அக்காவிடம் கொடுத்துவிட்டு மேடையேறினார். முதல் சன்னலைப் பார்த்தார். ஆலெப்பும் அவரைப் பார்த்தது. ஆரம்பித்தார்.

பின்வரிசையில் சில பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கிமெல் வரும்போது அந்தச் சிரிப்பு நின்றது. டாலெத் வெளியே புழுதியில் படுத்தே கேட்டது. கப் தாண்டியபோது, கையில் பைபிளைத் திறந்துவைத்துப் பிழை தேடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் புத்தகத்தை மூடிவிட்டு ஆளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் விரலை வரிமேல் வைத்துக்கொண்டே வந்தேன். ஒரு சொல் பிசகவில்லை.

மேம் வந்தது. அந்தப் பகுதியில், தன் வாத்தியார்கள் எல்லாரையும்விடத் தனக்குப் புத்தி அதிகம் என்று ஒருவன் சொல்வான். மேம் கட்டியிருந்தது சரியாக எச்.எம். ஐயாவின் தலைக்கு நேர் பின்னால் இருந்த சன்னலில். ஜாகா அந்தத் திக்கையே உற்றுப் பார்த்து, குரலை உயர்த்தி, அந்த வசனத்தைச் சொன்னார். அடுத்த வசனத்தில் பெரியவர்களைவிடவும் விவரம் என்று வரும், அதையும் அங்கேயே பார்த்துச் சொன்னார். ஐயா முகம் மிளகாய்ப்பழமாகிவிட்டது. பின்னாலிருந்து மேம் தன் பெயரைச் சொல்லியது.

நூன், சாமெக், ஆயின். ரேஷ் நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. ஷீன் முடிந்தது. நூற்று அறுபத்தெட்டு வசனம். ஜாகா முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசிச் சன்னலைப் பார்த்தார்.

வேலியில் கயிறு மட்டும் தொங்கியது.

வாய் திறந்தபடி நின்றார். நானும் திரும்பிப் பார்த்தேன். யாருக்கும் எதுவும் புரியவில்லை. அப்போதுதான் நான் நம்ப முடியாத ஒன்று நடந்தது. எடுத்துக் கொடுக்க மாட்டோம் என்று விதி போட்ட எச்.எம். ஐயா, கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டு, அடுத்த வசனத்தின் முதல் சொல்லை மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்டது. ஜாகாவுக்கும் கேட்டிருக்கும்.

“இல்லீங்கய்யா,” என்றார் ஜாகா. “குட்டியக் காணோம்.”

“அப்பறம் தேடலாம்ப்பா. எட்டு வசனம்தான். எறங்கினா அவ்வளவுதான், தெரியும்ல?”

ஜாகா இறங்கினார். சபை நடுவில் விறுவிறு என்று நடந்து வெளியே போனார்.

எனக்குக் கூடாரத்தில் எடுத்த படம் ஞாபகம் வந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். ஆட்டுக்குட்டி ஒன்று என்று நான் போட்ட படத்தில், பூசணியைக் கடித்துக்கொண்டு ஒரு கறுப்புக் குட்டி. ஒரு காது வெள்ளை. கீழே சுங்கைப்பட்டாணி சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர், எடுத்தாகிவிட்டது, நன்றி என்று கும்பிடு போட்டிருந்தார். ஜாகாவின் ஆடுகள் அத்தனையையும் பெயரோடு தெரிந்தவன் நான். போன் வழியாகப் பார்த்தபோது எல்லாமே சரக்காகத் தெரிந்திருக்கிறது. போட்டியில் பரிசு வாங்கியது யார் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஓடினேன். ஜாகா தோட்டத்து வரப்பில் தௌ, தௌ என்று கத்திக்கொண்டிருந்தார். சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். “மோட்டார எடு,” என்றார்.

மோட்டார் சைக்கிளைச் சுங்கைப்பட்டாணிக்கு விட்டேன். கடைக்குப் பின்னால் சமையல்கட்டில், காஸ் சிலிண்டரில் கட்டிப்போட்டிருந்தார்கள். பக்கத்தில் வெட்டுக்கட்டை. தௌ அதைப் பற்றிக் கவலைப்படாமல் வாழையிலைக் கட்டைத் தின்றுகொண்டிருந்தது. கடை முதலாளிக்கு நெற்றி நிறையத் திருநீறு, தோளில் துண்டு. காசைத் திருப்பி அனுப்புகிறேன் என்று நான் கெஞ்சினேன். அவர் மசியவில்லை.

“தம்பி, சாயங்காலம் கல்யாண ஆர்டர் லா. இன்னிக்கு நான் எங்க போய் ஆடு பிடிப்பேன்? வேற ஒண்ணு குடுங்க, இத எடுத்துக்குங்க.”

நியாயமான பேச்சு. ஜாகா கண்ணை மூடினார். உதடு அசைந்தது. ஆலெப்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஷீன் வரைக்கும் வந்து கண்ணைத் திறந்தார்.

“எதையும் குடுக்க முடியாதுண்ணே.”

“ஏன், எல்லாம் சீக்கா?”

“எல்லாம் வசனம்.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் எட்டு மாதக் கதையையும் ஒரே மூச்சில் சொன்னேன். கேட்டுவிட்டு அடுப்பைத் தணித்தார். “அப்ப இந்தக் குட்டியோட வசனத்தச் சொல்லுங்க, கேப்போம்.”

ஜாகா வெட்டுக்கட்டை பக்கத்தில் குந்தி, தௌவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார். வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அக்கா கத்தியைக் கீழே வைத்தார். கடைசி வசனம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். காணாமற்போன ஆட்டைப்போல வழிதவறிவிட்டேன், வந்து என்னைத் தேடு என்று முடியும். எட்டு மாதமாகச் சொல்கிறவர், அன்றைக்குத்தான் அதைக் கேட்டவர்போல நிறுத்தினார்.

முதலாளி துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். “ஓட்டிட்டுப் போங்கய்யா. இத அடிச்சா எங்க கடையில கொழம்பே கொதிக்காது. கல்யாணத்துக்குக் கோழி போட்டுக்கறேன்.”

திரும்பும்போது தௌ எங்கள் இருவருக்கும் நடுவில். என் காதைக் கடித்தது. மன்னிச்சிருங்கண்ணே என்றேன். முன்னால் பார்த்து ஓட்டச் சொன்னார். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

“நூத்தி எழுபத்தஞ்சு வசனம், நான் கத்துக்கிட்டேன், வாத்தியாரவிட விவரம், அப்படி இப்படின்னு பேசறான் தம்பி. கடைசில பாத்தா, தொலஞ்சிட்டேன், வந்து தேடுன்னு நிக்கிறான். ஆடு தானா வராது. அது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. கண்டிப்பா ஆடு வளத்தவன்தான் எழுதியிருக்கான்.”

தேவாலயத்துக்கு வந்து சேர மத்தியானம் இரண்டு மணி. எல்லாரும் சாப்பிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். நாற்பது குடும்பமும் கூடாரத்தில் உட்கார்ந்து எங்களை முறைத்தது. பிரியாணிச் சட்டிகள் மூடியே இருந்தன. குழந்தைகள் காணிக்கை ஆப்பிளைத் தின்றுகொண்டிருந்தன. ஆசீர்வாதம் சொல்லாமல் ஆராதனை முடியாது, ஆராதனை முடியாமல் சோறு கிடையாது. எச்.எம். ஐயா பாஸ்டரை ஆசீர்வாதம் சொல்லவே விடவில்லையாம்.

ஐயா உள்ளே முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் பைபிள், அதே பக்கத்தில் திறந்து கிடந்தது.

“எறங்கிட்டேங்கய்யா,” என்றார் ஜாகா.

“எறங்கினதப் பாத்தேன். ஆராதன இன்னும் முடியல. எட்டு வசனம் பாக்கி இருக்கு. ஏறு.” பிறகுதான் ஜாகாவின் இடுப்பில் இருந்த குட்டியைக் கவனித்தார். “அத வெளிய கட்டு.”

“கட்டினா மறுபடியும் போயிடுங்கய்யா.”

ஐயா பெருமூச்சு விட்டார். எழுந்து, கையை நீட்டிக் கயிற்றை வாங்கிக்கொண்டார்.

அந்தக் காட்சியை நான் படம் எடுக்கவில்லை. அன்றைக்குப் போனைத் தொடவே பயமாக இருந்தது. மேடையில் ஜாகா. கீழே, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டையில் எச்.எம். ஐயா, ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு. சன்னல் முழுக்கப் பசித்த முகங்கள், நடுநடுவே ஆட்டு முகங்கள். எட்டு வசனத்தையும் ஜாகா சொல்லி முடித்தார். யாரும் கைதட்டவில்லை. எலிசா அக்கா மட்டும் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஐயா கயிற்றை விடாமலேயே அறிவிப்புப் பலகைக்குப் போனார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பட்டியலின் அடியில் ஒரு பெயர் எழுதினார். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் நாற்பது வருஷத்துக்கு முன்னால் எழுதிய பெயர், முதலெழுத்தோடு. யாரையும் கேட்காமல் எழுதினார். அந்த நிமிஷம்வரை ஜாகாவின் உண்மைப் பெயர் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. இங்கே எழுதப்போவதில்லை. அது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறது.

முதல் முறைக்கு அவருக்குக் கொடுத்தது நூற்றுப் பதினேழாம் சங்கீதம். மொத்தமே இரண்டு வசனம். ஐயாவின் குறும்புதான். மீதி எங்கே என்று ஜாகா கேட்டார். அவ்வளவுதான் என்றேன். இதற்கு ஆடு வேண்டாம், கோழி போதும் என்று சொல்லிவிட்டுப் போனவர், அந்த ஞாயிறு ஒரு கோழியோடுதான் வந்தார்.

நான் இப்போது வேறு ஊரில் படிக்கிறேன். கோப்பை வாங்கித் தந்த வசனங்கள் ஒன்றும் ஞாபகமில்லை. இங்கே என்னைச் சுற்றி நிறையப் புத்திசாலிகள் இருக்கிறார்கள். நான் ஒருநாள் காணாமற்போனால், படத்தைப் போட்டு, யாராவது பார்த்தீர்களா என்று குழுவில் கேட்பார்கள். அது போதாது என்று தெரியும். ஆனாலும் எனக்குப் பயமில்லை. எங்கோ ஒரு சன்னலில் என் முகம் இல்லாததைப் பார்த்துவிட்டு, சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டு, மேடையிலிருந்து இறங்கி நடக்க எனக்கு ஒரு மடையன் இருக்கிறார்.